வலன்ரைனின் வதிவிட அத்தாட்சி

ஞாயிறு பூசை முடிந்து வீடு வந்ததும் வலன்ரைன் ஒரு பெரிய முடிவு எடுத்தார். இனிச் சட்டப்படிதான் சூதாடுவது.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு பாண் தொழிற்சாலையின் குளிர்க்களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடம் நின்ற கால்கள் அவருடையவை. அடுத்த பனி விழுமுன் வேலையை விட்டுவிட வேண்டும். அதற்காக ஓவர்டைம் காசைக் கிரிப்டோ நாணயமாக மாற்றிக் கைபேசியில் பூட்டி வைத்திருந்தார். அதைப் பெருக்க இணையத்தில் சூதாட்டத் தளங்கள் ஆயிரம் இருந்தன. கூட வேலை செய்யும் அன்டன் ஒன்றில் நாணயத்தைப் போட்டான். மறுநாள் நாணயமும் இல்லை, தளமும் இல்லை. லைசென்ஸ் இல்லாத தளம்.

ஆகவே மூன்று கிழமை வலன்ரைன் லைசென்ஸ் தேடினார். இருந்தால் எழும்பினார், எழும்பினால் யன்னலுக்குப் போனார், யன்னலில் நின்றால் மறுபடி கைபேசி. தளத்தின் அடியில் உள்ள லைசென்ஸ் முத்திரையை அழுத்தினால் அதைக் கொடுத்த அரசாங்கத்தின் பக்கம் திறக்கிறதா? ஆடுகிறவர்களின் நாணயத்தைக் கம்பனி நாணயத்தோடு கலக்காமல் வைக்கிறார்களா? குடியுரிமைச் சோதனைக்குக்கூட அவர் இப்படிப் படித்ததில்லை.

“றோஸ்மேரி, கண்டுபிடிச்சிட்டன்.”

அவர் மனைவி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். “லைசென்ஸ் இருக்கோ?”

“இருக்கு. ஒரு தீவு குடுத்தது.”

“நாங்கள் இருக்கிற மொன்ட்ரியாலும் தீவுதான். அது இஞ்ச செல்லுமோ?”

“இன்டர்நெட்டுக்கு எல்லாத் தீவும் ஒண்டுதான்.”

“காசு வச்சு ஆடமாட்டன் எண்டு தவக்காலத்தில சுவாமியாரிட்டச் சொன்னனீங்கள்.”

“இது காசில்லையப்பா, கிரிப்டோ. கண்ணால கண்டவன் ஒருத்தனுமில்லை.”

“ஓம். போனாப்பிறகும் காணேலாது.”

வலன்ரைன் அதைக் காதில் போடவில்லை. பதியத் தொடங்கினார். கடவுச்சீட்டுக் கேட்டது, கொடுத்தார். முகத்தைப் படமெடுக்கச் சொன்னது. சிரிக்கக் கூடாதாம். கல்யாணம் முடித்து முப்பது வருடமானவருக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. கடைசியாக, வதிவிடத்துக்கு அத்தாட்சியாக அவர் பெயரில் ஒரு பில் கேட்டது.

மேசை லாச்சியைத் திறந்தார். மின்சார பில் றோஸ்மேரி பெயரில். வாடகை ஒப்பந்தம் றோஸ்மேரி. தொலைபேசி றோஸ்மேரி. அவள் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் பார்க்கிறவள், பிரெஞ்சு சரளம். ஆகவே வீட்டுக் காகிதம் எல்லாம் அவள் பொறுப்பு. வலன்ரைனிடம் இருந்த பிரெஞ்சு ‘போன்ஜூ’வில் தொடங்கி ‘மெர்சி’யில் முடிந்துவிடும். குடும்பப் பெயரைக் காட்டித் தப்பவும் வழியில்லை. இந்த மாகாணத்தில் கல்யாணம் முடித்தாலும் பெண்ணுக்குத் தகப்பன் பெயர்தான். காகிதத்தின்படி அந்த வீட்டில் வலன்ரைன் என்று ஓர் ஆளே கிடையாது.

“றோஸ், நான் இஞ்சதான் இருக்கிறன் எண்டு ஒரு கடிதம் தா. பில்லில பேர் உள்ள ஆள் எழுதினா ஏற்பினமாம்.”

“பிரெஞ்சில எழுதட்டோ?”

“எதிலயும் எழுது. கெதியாய் எழுது.”

றோஸ்மேரி கையைத் துடைத்துவிட்டு மேசையில் இருந்து எழுதினாள். பத்து வரி வந்தது.

“ஒரு ஆள் ஒரு வீட்டில இருக்கிறதுக்கு இவ்வளவோ?”

“பிரெஞ்சு நீளமான பாஷையப்பா. நீங்களும் கீழ கையெழுத்து வையுங்கோ.”

மை காயுமுன் வைத்தார். படமெடுத்து அனுப்பினார்.

இரண்டு நாள் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது, அதுவும் பிரெஞ்சில். லொங்குய்யில் இருக்கும் மகள் மெலனிக்கு அதை அனுப்பிவிட்டுத் தொலைபேசி எடுத்தார்.

“அப்பா, உங்களைப் பாராட்டியிருக்கினம்.”

“தெரியும். பேந்து?”

“இப்பிடி எழுதிக் கேக்கிற ஆக்கள் குறைவாம். நீங்கள் கேட்டபடி அஞ்சு வருஷத்துக்கு உங்களை உள்ளுக்கு விடமாட்டினமாம். இதே லைசென்ஸ் உள்ள மற்றத் தளங்களுக்கும் அறிவிச்சிட்டினம்.”

வலன்ரைன் குசினிக்கு ஓடினார்.

“என்னத்தை எழுதினனி?”

“நீங்கள் இஞ்ச இருக்கிறியள் எண்டு முதல் வரியில எழுதினன்.”

“மிச்ச ஒன்பது வரியில?”

“என்னைச் சேர்க்காதேங்கோ எண்டு ஆடுற ஆளே எழுதிக் கையெழுத்து வச்சா சேர்க்கக் கூடாது. லைசென்ஸ் விதி. கடைசிப் பக்கத்தில கிடக்கு. நீங்கள் லைசென்ஸ், லைசென்ஸ் எண்டு துள்ளினபடியா நானும் வாசிச்சனான்.”

“இது ஏமாத்து.”

“லைசென்ஸ் இல்லாதவன் எண்டா கடிதத்தைக் குப்பையில போட்டிருப்பான். நல்ல தளமாத்தான் தேடிப் பிடிச்சிருக்கிறியள்.”

வலன்ரைன் குளிர்சாதனப் பெட்டிவரை நடந்தார். யன்னல்வரை நடந்தார். திரும்பி வந்தார். நாணயம் கைபேசியில் பூட்டியபடியே கிடந்தது. குளிர்க்களஞ்சியமும் நாளைக்கு ஆறு மணிக்குத் திறக்கும்.

“இதை மாத்தேலாதோ?”

“ஏலும். அஞ்சு வருஷத்தால திருப்பி எழுதிக் கேக்கவேணும்,” என்றாள் றோஸ்மேரி. “யோசியாதேங்கோ, நான் எழுதித் தாறன்.”