முன்னுரையார் முடிவைப் பார்த்த கதை

நாடகத்துக்கு மணி அடிப்பதற்கும் திரை விலகுவதற்கும் நடுவில் ஓர் இனம் வாழ்கிறது. திரைக்கு முன்னால், ஒலிவாங்கிக்குப் பின்னால், வேறெங்கும் அதைப் பார்க்க முடியாது. முதலில் ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டும். தொண்டையைச் செருமும். பிறகு, "நான் ரொம்ப நேரம் எடுத்துக்கப் போறதில்ல" என்று தொடங்கும். அதைக் கேட்டதும் அனுபவசாலிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள். நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறவர்தானே அந்தப் பேச்சை எடுப்பார்? நடக்கப்போவதை நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது இந்த இனத்தின் கடமை. சொன்னது அப்புறம் நடந்ததா என்று பார்ப்பது அதன் கடமையல்ல.

அறிமுக உரையாளர்கள் என்பது இவர்களுக்கு மரியாதையான பெயர். நம் ஆளை ஊரில் முன்னுரையார் என்பார்கள்.

பகலில் அவர் கண்ணாடிக் கடைக்காரர். பார்வை சோதிக்க வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டி, வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அது என்ன எழுத்து என்று இவரே சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அது மிகை. இரண்டாவது வரியிலிருந்துதான் சொல்வார்.

அவர் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. நாள் முழுக்க வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே அவளுக்கும் அதே கதிதான்.

"இன்னைக்குப் பக்கத்து வீட்டுல..."

"தண்ணி வரல. தெரியும்."

அவள் சொல்ல வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொண்டதை. மறுநாள் மாவுக்கட்டைப் பார்த்துத்தான் இவர் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டு, அவர் எப்படி விழுந்தார் என்பதை அவருக்கே விளக்கினார்.

இப்படிப்பட்டவரை அந்த ஊர் நாடக மன்றம் ஒரு பழைய இசை நாடகத்துக்கு அறிமுக உரை ஆற்ற அழைத்தது. நாடகம் முழுக்க முழுக்க இல்லறமும் தனிவாழ்வும் பற்றியது. ஒரே வீடு, இரண்டு தளம். மேலே ஒரு கணவனும் மனைவியும். கீழே ஓர் ஒண்டிக்கட்டை. மேலே கேட்கிற பேச்சுச் சத்தத்துக்கு ஏங்கி அவன் கூரையைப் பார்த்துப் பாடுவான். கீழே இருக்கிற நிசப்தத்துக்கு ஏங்கி மேல்வீட்டம்மா தரையைப் பார்த்துப் பாடுவாள். கூடைக்கணக்காய்ப் பாட்டு, நடுநடுவே ஆட்டம். கல்யாணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், மனைவியோடு வந்தால்தான் பொருத்தமாக இருக்கும் என்று மன்றத்தார் சொல்லிவிட்டார்கள். எத்தனையோ மேடை ஏறிய முன்னுரையார் மனைவியை அழைத்துப்போனது இதுதான் முதல் தடவை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முன்னுரையார் எந்த நாடகத்தையும் முழுதாகப் பார்த்தவரல்ல. உரை முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய், காபி குடித்து, நாலு பேரிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் கேட்டது உரையைப் பற்றி. கதைச் சுருக்கம் என்று மன்றத்தார் கொடுக்கும் அரைப் பக்கத்தைக் கடையில் வைத்தே படித்துவிடுவார். இந்தத் தடவை அதன் கடைசி வரி, "முடிவை மேடையில் காண்க" என்று இருந்தது. அதனால் என்ன? பாட்டும் ஆட்டமுமாகப் போகிற கதை வேறெதில் முடியும்? அவரே ஒரு முடிவுக்கு வந்தார்.

மேடை ஏறினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளப்போவதில்லை என்றார். "திருமணம் என்பது என்ன?" என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் நேரம் விடவில்லை. ஆதி மனிதன் குகையில் குடித்தனம் செய்ததிலிருந்து தொடங்கி, படிப்படியாக இறங்கி வந்து, "திருமணம் என்பது ஓர் உரையாடல்" என்று நிறுத்தினார். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி இருமினாள்.

திரைக்குப் பின்னால், ஒண்டிக்கட்டையாக நடிக்கிறவர் கட்டிலில் படுத்துத் தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். முதல் காட்சி அதுதான். உரை குகையைத் தாண்டுவதற்குள் பாவனை போய்விட்டது.

"கடைசியில என்னாகுமோன்னு யாரும் கவலைப்படாதீங்க" என்று முன்னுரையார் நிறைவுக்கு வந்தார். "ஒண்டிக்கட்டைக்குக் கல்யாணம் ஆயிடும். மேல்வீட்டம்மாவோட தங்கச்சிதான் பொண்ணு."

அரங்கம் முனகியது. ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார். திரை இடுக்கில் இயக்குநரின் பாதி முகம் தெரிந்தது. அப்படி ஒரு தங்கை நாடகத்திலேயே இல்லையே என்ற குழப்பம் அந்தப் பாதியில் முழுதாகத் தெரிந்தது.

உரை முடிந்ததே என்று எழுந்த கைதட்டலோடு இறங்கி வந்து, மனைவியிடம் குனிந்தார்.

"கிளம்பலாமா?"

"நான் நாடகம் பாக்க வந்தேன். நீங்க வேணா போங்க."

மனைவியை விட்டுவிட்டுப் போனால் மன்றத்தார் என்ன நினைப்பார்கள்? உட்கார்ந்தார். திரை விலகியது. கட்டிலில் ஒண்டிக்கட்டை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு இயல்பான நடிப்பு என்று அரங்கம் கைதட்ட, அவர் திடுக்கிட்டு எழுந்து பாட ஆரம்பித்தார்.

"இப்போ பாரு, அவன் என்ன பண்ணுவான்னா..."

"நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள் மனைவி.

அடுத்த பாட்டுக்கு மறுபடி விளக்கம் சொல்ல வாயெடுத்தார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் பணிவாகச் சொன்னது: "சார், உங்க முறை முடிஞ்சிடுச்சு."

அதன் பிறகு வேறு வழியில்லாமல் நாடகத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க மேல்வீட்டுக் கணவனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. என்ன தெளிவாகப் பேசுகிறான், மனைவி கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறானே என்று தலையாட்டி ரசித்தார்.

கடைசிக் காட்சி வந்தது. கணவன் சாப்பிட்டுக்கொண்டே அலுவலகத்துக் கதையைச் சொல்கிறான். மனைவி பரிமாறுகிறாள். தண்ணீர் வைக்கிறாள். பின்னாலேயே நின்று துணிகளை ஒரு பையில் மடித்து வைக்கிறாள். அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, அவன் எங்கேயாவது நிறுத்துவானா என்று பார்க்கிறாள். இசை அவளுக்காக இடம் விட்டுக் காத்திருக்கிறது. அவள் பாடவில்லை. போய்விடுகிறாள். அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். கீழே ஒண்டிக்கட்டை நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறான். ஒரே ஒரு குரல்தான் கேட்கிறது. திரை விழுந்தது.

விளக்கு எரிந்ததும் அரங்கமே திரும்பி முன்னுரையாரைப் பார்த்தது. தங்கை எங்கே என்று கேட்கிற பார்வை. அவர் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மனைவி இருந்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டார்.

வெளியே வந்து நடந்தார்கள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. அங்கே நின்று, "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

பழக்க தோஷத்தில், அவரே பதில் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். பதில் வரவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றாள். பிறகு, "அந்த அம்மா வாசல்ல நின்னாங்கல்ல. நானும் ஒரு தடவை அப்படி நின்னேன்."

எந்த வாசல் என்று தனக்குத் தெரியும் என்பதுபோல் அவர் உதடு அசைந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போன மழைக்காலத்துல. கையில பை இருந்துச்சு. நீங்க உள்ள புதுசா வந்த லென்ஸைப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்க."

"அப்புறம்?"

இல்லற வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் மனைவியிடம் முதன்முதலாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

"அப்புறம் என்ன, மழை. குடையை நீங்க கடையிலயே வெச்சிட்டு வந்துட்டீங்க."

அவர் தரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இப்பவும் அந்த மாதிரி..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

"இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கேன். கேளுங்க."

ஒரு பேருந்து வந்து போயிற்று. ஏறவில்லை. அடுத்ததும் போயிற்று. அவள் பேசினாள். இரண்டு இடத்தில் குறுக்கே புகுந்தார். இரண்டு இடத்திலும் தானாகவே நிறுத்திக்கொண்டார்.

ஆள் அடியோடு மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதும் மேடை ஏறுகிறார், ஆதி மனிதனின் குகையிலிருந்துதான் வருகிறார். முடிவை மட்டும் சொல்வதில்லை. சொல்லப்போகிற மாதிரி தெரிந்தால் மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் இருமல் வரும். இருவருமாகக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள்.

நல்லவேளை, நமக்கு இந்த வியாதியெல்லாம் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். கையோடு அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இதப் படிச்சுப் பாரு, ரொம்ப நல்லா இருக்கு, கடைசியில அந்த ஆளோட பொண்டாட்டி என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பிக்கப்போகிறீர்கள், இல்லையா? அவர் என்ன வேலையாக இருக்கிறார், ஏன் இவ்வளவு நேரமாகச் சத்தமே வரவில்லை என்று முதலில் எட்டிப் பார்த்துவிடுங்கள்.