உடைந்த ஊசியும் உள்ளே இருந்த குழாயும்

ஜியாவுல்லா தலையணை உறையைக்கூட உதறிப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காணோம்.

வேலூரில் அவருக்குச் சிறுநீரகக் கல்லை எடுத்தபோது உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். "மூணு மாசத்துக்குள்ள வந்து எடுத்துக்கணும். மறந்தா அது மேலயே கல்லு கட்டும், கிட்னி போயிடும்" என்று டாக்டர் சீட்டில் படம் போட்டு, தேதியைச் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்திருந்தார். கெடு இந்த வாரம்தான். என்றைக்கு என்பதுதான் நினைவில்லை.

"வேலைக்குத் திரும்பிப் போன அன்னிக்கு சட்டைப் பையிலதானே வெச்சீங்க?" என்றாள் மனைவி முனவ்வர் பேகம்.

"வெச்சேன். அன்னிக்குன்னு பார்த்து முப்பது ஊசி உடைஞ்சுது. தலை சுத்திப் போச்சு."

"போன் பண்ணிக் கேளுங்களேன்."

சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை நேரத்தில் போன் கூடாது. அதுவும் ஜியாவுல்லா ஊசி கொடுக்கிறவர். மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி வந்து அவரிடம் காட்டவேண்டும். அதைக் காகிதத்தில் டேப் போட்டு முதுகுக்குப் பின்னாலிருக்கிற போர்டில் ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி தருவார். எள்ளளவு துண்டு குறைந்தாலும் கிடையாது. ஷூவுக்குள் ஊசி போனால் வெளிநாட்டுக்காரன் சும்மா விடுவானா?

அப்பேர்ப்பட்ட மனுஷர் போனை இடுப்பில் செருகிக்கொண்டு போய், கக்கூசில் நின்று ஆஸ்பத்திரிக்குப் பேசினார். "சீட்டு நம்பர் இல்லியா? அப்போ நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் மேனேஜர் ஹரிஹரன்.

"இன்னா பாய், உள்ள சத்தம்?"

மகன் வயசுப் பையன். குழாயை எந்த வழியாக எடுப்பார்கள் என்று இவனிடம் எந்த வாயால் சொல்வது?

"பல்லு வலி சார். முனகிட்டேன். நாளைக்கு லீவு குடுத்தா வேலூர் போய்ட்டு வந்துடுவேன்."

"ஷிப்மென்ட் நேரத்துல லீவா? பல்லுக்கு எதுக்கு வேலூர்? வண்டியில ஏறுங்க!"

பஜாரில் பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு பல்லைக் காட்டவேண்டியதாயிற்று. முப்பது வருஷம் பிரியாணி மென்ற கடைவாய்ப்பல், அரை மணியில் போய்விட்டது. போகவேண்டியது உள்ளேயே இருக்க, இருக்கவேண்டியது போயிற்று.

"ஜில்லுனு தண்ணி குடிச்சிக்கிட்டே இருங்க" என்று அனுப்பினார் பல் டாக்டர். சிறுநீர் எரிச்சலுக்குப் பயந்து இத்தனை நாள் தண்ணீரே குடிக்காமல் காலம் தள்ளியவர் ஜியாவுல்லா. கம்பெனிக்குத் திரும்பியதும் கால் மணிக்கு ஒரு தரம் கக்கூசுக்கு ஓடினார். ஒரு தையல் வரிசைக்கு ஒரே டோக்கன். அது கையில் இல்லாமல் யாரும் கழிவறைக்குப் போகக் கூடாது. அந்த டோக்கனைத் தையல் பெண்கள் அவர் மேஜையிலேயே வைத்துவிட்டார்கள். "வழி விடுங்கடி, பாய் வர்றாரு" என்று ஒதுங்கி வேறு நின்றார்கள். எல்லாம் நம்ம மேல மரியாதை என்று நினைத்துக்கொண்டார். அலுப்பில் அதைக்கூட முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

சாயங்காலம் தையல்காரி பட்டம்மாள் உடைந்த ஊசியோடு வந்து நின்றாள்.

"முனை எங்கம்மா?" என்றார் வீங்கிய வாயால்.

"தேடிட்டேன் பாய், கெடைக்கல."

"கெடைக்காம வராத. ஒரு பொருள் உள்ள தங்கிட்டா எவ்ளோ ஆபத்து, தெரியுமா உனக்கு?"

"தெரியும் பாய். அதான் நானும் கேக்கணும்னு இருந்தேன். உங்க குழாயை இன்னும் எடுக்கலியா? நாளைக்குத்தானே கடைசித் தேதி?"

ஜியாவுல்லாவின் கையிலிருந்த டேப் உருண்டு போயிற்று. "உனக்கு... யாரு சொன்னது?"

பட்டம்மாள் அவர் தலைக்கு மேலே போர்டைப் பார்த்தாள்.

"இன்னா பாய் இப்படிக் கேக்கறீங்க? உள்ள ஒண்ணை விட்டுட்டா இன்னா ஆவும்னு எங்களுக்குக் காட்டத்தானே ஊசித் துண்டு பக்கத்துல உங்க ஆஸ்பத்திரிச் சீட்டைப் படத்தோட ஒட்டி வெச்சீங்க? மூணு மாசமா புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் அதைக் காட்டித்தான் நாங்க டிரெயினிங் குடுக்கறோம்!"