கூடாரத்துக்குள் மாமா

மாமா வெளியே வந்தால்தான் ஒராஸ் உள்ளே போக முடியும். மாமா வந்து பதினாறு நாளாகிறது. டீ குடிக்க மட்டும்தான் வெளியே வருகிறார்.

உள்ளே என்பது கட்டிலின் மேல் கட்டிய பிளாஸ்டிக் கூடாரம். பக்கத்தில் இருக்கும் மெஷின் ஆக்சிஜனைக் குறைத்து உள்ளே அனுப்பும். அதில் தூங்கினால் மூவாயிரம் மீட்டர் மலையில் தூங்கிய மாதிரி, உடம்பு மலைக் காற்றுக்குப் பழகிவிடும். அல்மாத்தி சைக்கிள் சங்கத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒராஸ் அதை இரவல் வாங்கி வந்திருந்தான். அவன் குடியிருக்கும் அத்திராவ் ஊரோ கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. ஊரிலுள்ள ஒரே ஏற்றம் ஆற்றுப் பாலம்தான். அதில் தினமும் நாற்பது தடவை சைக்கிளை மிதித்து ஏறுவான்.

போன வருஷ மலைப் பந்தயத்தில், இரண்டாவது கணவாயிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். ஆடு ஏற்றிய லாரியில்தான் கீழே கொண்டு வந்தார்கள். இந்தத் தடவையாவது சைக்கிளிலேயே எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் ஆசை.

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் துரிஸ்பெக், மலை மேய்ச்சலிலிருந்து ஒரு மூட்டை உலர்ந்த தயிர்க்கட்டியோடு வந்து இறங்கினார். கூடாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"கொசுவுக்கு, பெரியவரே" என்றாள் ஒராஸின் மனைவி மரால். "நீங்க இதுலயே படுங்க."

வீட்டில் நல்ல இடம் விருந்தாளிக்குத்தான். அவர் ஏன் வந்தார், எப்போது போவார் என்று கேட்பதும் வழக்கமில்லை.

"பந்தயத்துக்கு வேணும்னு நான் சொல்லிடறேனே" என்று ஒராஸ் அடுப்படியில் கிசுகிசுத்தான்.

"விருந்தாளிகிட்டப் போய் 'எழுந்திரு, அது என்னோடது'ன்னு சொல்லுவீங்களா? சொல்லிட்டு அப்படியே பாலத்துலயே போய்ப் படுத்துக்குங்க."

ஒராஸ் வேறு வழி பார்த்தான். மெஷினை மூவாயிரத்து ஐந்நூறுக்குத் திருகி வைத்தான். காற்றுப் போதாமல் மனுஷன் தானாக வெளியே வந்துவிடுவார் என்று கணக்கு.

காலையில் மாமா முகம் வாடி வந்து உட்கார்ந்தார். மராலுக்கு மனசு கேட்கவில்லை.

"நாம சரியாவே கவனிக்கல. பாருங்க, எப்படி இளைச்சுட்டாரு."

அன்று முதல் தினமும் குதிரைக்கறியும், மாவுப் பட்டைகள் மேல் கறி பரப்பிய பெஷ்பர்மக்கும். மாமாவைக் கௌரவிக்க அக்கம்பக்கத்தாரும் வந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிவிட்டுப் போனார்கள். வயிறு நிறைந்ததும் மாமா பகலிலும் கூடாரத்துக்குள் சாய்ந்துவிட்டார்.

ஒராஸ் நாலாயிரத்துக்குத் திருகினான். மாமா மாலை டீக்குத்தான் எழுந்தார்.

"ஒரு கொசு இல்ல மாப்ளே" என்றார் கொட்டாவியோடு. "உனக்குத் தங்கமான பொண்டாட்டி."

தங்கமான பொண்டாட்டியின் புருஷன் கூடத்துத் தரையில், இருக்கிற கொசுவுக்கெல்லாம் தீனியாகப் படுத்திருந்தான். முகமெல்லாம் தடிப்பு. பாவமாகத்தான் இருந்தது.

பந்தயத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அவன் பொறுமை போயிற்று. மாமா டீக் கிண்ணத்தைக் கையில் வாங்கிய சமயம், எந்த வீட்டிலும் யாரும் கேட்காததைக் கேட்டுவிட்டான்.

"மாமா, நீங்க எதுக்கு வந்தீங்க? எப்போ கிளம்பறீங்க?"

மராலின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. கேட்க ஒருத்தன் கிடைத்தானே என்று மருமகனின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"டாக்டர்தான் அனுப்பினாரு மாப்ளே. மலைக் காத்து உனக்கு ஆகல, பள்ளத்து ஊர்ல போய் மூச்சு சரியாகற வரைக்கும் படுத்துத் தூங்குன்னாரு. நானும் ராப்பகலாத் தூங்கறேன், வந்தப்போ இருந்ததவிட இப்போதான் அதிகமா மூச்சு இளைக்குது, இன்னும் ரெண்டு மாசமாவது இருந்துதான் பாக்கணும்."