கேட்டேன், ஆட்சேபணை இல்லை

உலகத்தில் எத்தனையோ குடும்பங்கள் கலைஞர்களைப் பெற்றிருக்கின்றன; பெற்றதோடு சரி. ஒரு கலைஞனைப் பெற்று, வளர்த்து, மேல்மாடி அறையையும் ஒதுக்கிக் கொடுத்து, அவன் படைப்பு ஒவ்வொன்றையும் வெளியான சூட்டோடு சூடாகப் பாராட்டித் தள்ளிய குடும்பம் எங்களுடையது ஒன்றுதான் என்பதை, எதிர்காலக் கலை வரலாற்றாசிரியர்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

மேற்படி கலைஞன் என் மனைவியின் தம்பி. இணையத்தில் அவன் பெயர் 'ஈரத்தகரம்'. ஏன் ஈரம், ஏன் தகரம் என்று என் மாமியார் ஒருமுறை விசாரித்தார். "அது ஒரு மனநிலைம்மா" என்று பதில் வந்தது. தலையைத் துவட்டிக்கொண்டால் அந்த மனநிலை சரியாகிவிடும் என்பது மாமியாரின் கருத்து.

அவன் ஒரு 'சுயாதீன'க் கலைஞன். அதாவது, அவனே கவிதை எழுதி, அவனே வாசித்து, அவனே இசையமைத்து, அவனே இணையத்தில் ஏற்றி, யாராவது கேட்டார்களா என்று அவனே எட்டிப் பார்த்துக்கொள்வான். அவனுடையது 'பரிசோதனை' இசை. சாதாரண மனிதர்கள் வாத்தியங்களை வாசிக்கிறார்கள். அவன் வீட்டிலிருக்கும் பொருள்களை வாசித்தான். ஃபிரிட்ஜின் முதுகில் மைக்கை ஒட்டவைத்து ஒரு பகல் முழுக்க அதன் நடுக்கத்தைப் பதிவு செய்தான். வாஷிங் மெஷின் பழுதாகிக் கடகடவென்று ஆடியபோது நாங்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். "ஐயோ, இன்னும் ரெண்டு நாள் பொறுங்க! இப்பதான் சுருதி சேர்ந்திருக்கு" என்று அவரை வாசலிலேயே மறித்துவிட்டான். மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. இப்படி உருவானதுதான் 'சலவை: இரண்டாம் பாகம்'. முதல் பாகம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதுவும் ஒரு பரிசோதனையாக இருக்கலாம்.

நான் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில், புகார்ப் பிரிவில், பதில் எழுதுபவன். பதில் எழுத வேண்டுமானால் புகாரைப் படிக்க வேண்டும் என்று நினைப்பது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு. படித்தால் வருத்தம் வரும். வருத்தம் வந்தால் கை ஓடாது. 'தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் கருத்துகளுடன் இவ்வலுவலகம் முழுமையாக உடன்படுகிறது. ஆவன செய்யப்படும்' என்று எழுதிவிட்டால், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் மனிதர்களுக்கு ஒரு குளிர்ச்சி கிடைக்கிறது. இந்தத் திறமை கலைத்துறைக்கும் பயன்படும் என்று அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

ஈரத்தகரத்தின் முதல் படைப்புக்கு ஒரே ஒரு இதயம்தான் விழுந்தது. அதுவும் அவனே இன்னொரு பெயரில் போட்டது. பையன் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"மாப்பிள்ளை, புள்ள வாடிப் போறான். நாம எல்லாரும் கேட்டு ஏதாவது நல்ல வார்த்தை எழுதணும்."

"எவ்வளவு நேரம் ஓடுது அது?" என்றார் மாமனார். கணக்குத் தணிக்கைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எதைக் கொடுத்தாலும் அதில் பிழை இருக்கும் என்ற நம்பிக்கையோடு வாங்குபவர்.

"முக்கால் மணி நேரம், மாமா."

"முக்கால் மணி நேரமா? என்ன வருது அதுல?"

"ஃபிரிட்ஜ்."

"அதுதான் சமையலறையிலயே ஓடுதே!"

இந்த இடத்தில்தான் நான் என் அனுபவத்தைக் குடும்பத்துக்கு அர்ப்பணித்தேன். எழுதுவது வேறு, கேட்பது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று விளக்கினேன். எல்லாருக்கும் மாதிரி வரிகள் தயாரித்துக் கொடுத்தேன். மாமியாருக்கு: 'அம்மாவின் முழு ஆசி உனக்கு உண்டு.' மனைவிக்கு: 'இதைத்தான் இத்தனை நாளாக எதிர்பார்த்தேன், தம்பி.' எனக்கு, அலுவலக வாசகத்தையே கொஞ்சம் மெருகேற்றி: 'இதன் ஒவ்வொரு வரிக்கும் நான் உடன்படுகிறேன். என்னால் ஆனதைச் செய்யக் காத்திருக்கிறேன்.' மாமனார் மட்டும் பிறர் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட மறுத்தார். பணிக்காலத்தில் பழகிய தன் சொந்த வாசகத்தையே வைத்துக்கொண்டார்: 'கேட்டேன். ஆட்சேபணை இல்லை.'

பலன் உடனே தெரிந்தது. பையன் சாப்பிட்டான். படைப்புகள் பெருகின. எங்கள் பாராட்டுகளும் பெருகின. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் புண்படுத்தாமல், யாரும் எதையும் கேட்காமல், கலை தழைத்தது. வீட்டு நெட் பெட்டி அவன் அறையில் இருந்ததால், நெட் நின்றால் மட்டும் மாடியேறி அவன் கதவைத் தட்டினோம்.

ஒரே ஒரு சிக்கல். ஈரத்தகரத்துக்கு வாயால் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது.

எங்களுக்கு அப்போது தெரியாததை வாசகர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன், நீங்களாவது கேட்கிறீர்கள். காது மருத்துவமனையில் செவித்திறன் சோதிக்கும் பெண் ஒருத்தி. அங்கேயிருந்த கருவியின் 'பீப்' சத்தத்தைப் பதிவு செய்யப் போனவன், பதிவு முடிந்த பிறகும் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய படைப்பு எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அவள் வீட்டில் சம்மதம். ஆனால் "பையன் வீட்டுல இந்த மாசத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லலைன்னா வேற இடம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். இங்கேயோ, மாதச் சம்பளம் வருகிற வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது மாமனாரின் நிலையாணை.

அவன் முயற்சி செய்யாமல் இல்லை. சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பா, ஒரு விஷயம் பேசணும்" என்பான்.

"பாட்டுல போடுடா. நிதானமா கேட்டுக்கறோம்" என்பார் மாமனார்.

"இல்லப்பா, இது..."

"ஆமாடா தம்பி, நீ பேசினா சண்டை வருது. பாடினா வர்றதில்லை" என்பாள் என் மனைவி.

சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. பாட்டில் போட்டுவிட்டான்.

அந்தப் படைப்பின் தலைப்பு 'நால்வருக்கு ஒரு விண்ணப்பம்'. வீட்டில் அவனைத் தவிர நாங்கள் நால்வர். இந்த ஒற்றுமை எனக்குப் படாமல் போனதற்கு என்னைக் குறை சொல்ல முடியாது. விண்ணப்பம் என்ற சொல்லைப் பார்த்ததும் என் கை தானாகவே பதில் எழுதத் தொடங்கிவிட்டது. சற்று நேரத்தில் நான்கு இதயங்களும் நான்கு வாசகங்களும் அதன் கீழே வரிசையாக நின்றன.

ஈரத்தகரம் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கண் கலங்கியிருந்தது. நேராகப் போய் மாமனாரைக் கட்டிக்கொண்டான். தணிக்கைத் துறையில் யாரும் அவரைக் கட்டிக்கொண்டதில்லை. மனிதர் திகைத்துப் போனார்.

"அப்பா, நிஜமாத்தான் எழுதினீங்களா?"

"நான் எழுதினா எழுதினதுதான்டா."

"நீங்க ஒத்துக்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைப்பா."

"நல்லா இருந்தது, சொன்னேன். இதுல என்ன இருக்கு?"

"அப்ப ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா?"

"தாராளமா வரச் சொல்லு" என்றார் மாமனார். யாரை என்று கேட்டிருந்தால், பாட்டைக் கேட்காமலே எழுதிய குட்டு உடைந்திருக்கும். யாரோ ரசிகர்கள் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் பனியனோடு ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு பெரியவர், அவர் மனைவி, மகள், கையில் பழக்கூடை. பெரியவர் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். உள்ளே வந்ததும் ஸ்டூலில் நின்றவரை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்.

"சம்பந்தி! உங்களை மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும்?"

மாமனார் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. நல்லவேளையாக அவர் விழவில்லை.

"வீட்டுக்குள்ள ரகசியமா தலையாட்டறவங்க உண்டு. நீங்க ஊர் உலகம் பார்க்க எழுத்துல குடுத்துட்டீங்களே!" என்று கடைக்காரர் தன் போனை நீட்டினார். மாமனார் இறங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் வாசகத்தைத் தானே படித்தார். 'கேட்டேன். ஆட்சேபணை இல்லை.' வாழ்நாள் முழுவதும் பிறர் எழுத்தில் ஓட்டை கண்டுபிடித்தவர். இதில் ஓட்டையே இல்லை.

"நானும் மொத்தமும் கேட்டேன்" என்றார் கடைக்காரர். "நடுவுல ஷட்டர் இறங்குதே, அது நம்ம கடை ஷட்டர். தம்பி கேட்டுக்கிட்டதுனால அதுக்கு எண்ணெயே போடலை. சாயங்காலம் இழுத்து மூடறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுது. கலைக்காகத்தானே!"

என் மாமியார் ஆசி வழங்கியவர் என்பதால் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி இத்தனை நாளாக எதிர்பார்த்தவள் என்பதால் டீ போடப் போனாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். மிக அமைதியான பார்வை. கேட்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வது அவள் தொழில்.

"அண்ணா, வீட்டுல நீங்க ஆபீஸ் வேலை பார்க்கற ரூமை எங்களுக்குக் குடுக்க ஒத்துக்கிட்டீங்களே. ரொம்பப் பெரிய விஷயம்."

"அது... என்னால் ஆனது" என்றேன்.

"மேஜையையும் சேர்த்துக் கேட்டிருந்தார்."

"ஒவ்வொரு வரிக்கும் உடன்பட்டிருக்கிறேனே, அம்மா."

"உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சது?"

"என்னங்க, பிஸ்கட் டப்பாவைத் திறக்க முடியலை, கொஞ்சம் வாங்க!" என்று என் மனைவி உள்ளேயிருந்து கத்தினாள். இல்லறத்தின் பெருமை அன்று எனக்கு விளங்கியது.

அவர்கள் போன பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடந்தது. மாமனார் தலைமை வகித்தார்.

"கல்யாண விஷயம்னு யாராவது ஒருத்தர் எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கதான் கேட்டேன்னு எழுதியிருந்தீங்களே" என்றார் மாமியார்.

"நான் கேட்டேன்! நீ கேட்டியா?"

"கேட்காமலா ஆசி குடுத்தேன்?"

"அப்ப தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

"நீங்க தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க. உங்களை மீறி நான் என்ன பேசறது?"

"மாப்பிள்ளை, நீங்க?"

"நான் ஒவ்வொரு வரியாகக் கேட்டேன், மாமா" என்றேன் கம்பீரமாக.

என் மனைவிதான் அந்த விபரீத யோசனையைச் சொன்னாள். "இந்தக் கல்யாணம் வேண்டாம்னா ஒரு வழி இருக்கு. நம்மள்ல யாரும் எதையும் கேட்டதே இல்லைன்னு அவன்கிட்ட சொல்லிடலாம்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"அதைச் சொல்லிட்டு அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? பேசாம கல்யாணத்தைப் பண்ணிடுவோம்" என்றார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இப்படியாக, பரிசோதனை இசையால் ஒரு திருமணம் நிச்சயமான பெருமையும் எங்கள் குடும்பத்துக்கே சேர்ந்தது. பெண் நல்ல பெண். இரண்டே நாளில் மாமியார் என்னிடம் பேசுவதைவிட அவளிடம் போனில் அதிகம் பேசினார். மாமனாரே கடைக்குப் போய் ஷட்டரை இழுத்துப் பார்த்துவிட்டு, "அவன் சொன்னது சரிதான், எண்ணெய் போட்டா கெட்டுடும்" என்று வந்து சொன்னார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்.

என் மேஜை போனது போகட்டும். வேறு எதற்கெல்லாம் உடன்பட்டிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? ஒரு மாலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

ஃபிரிட்ஜ் வந்தது. ஷட்டர் இறங்கியது. அது உண்மையிலேயே ஒரு பெருமூச்சுப் போல இருந்தது. பிறகு ஒரு பெண் குரல்: "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க." ஒரு பீப். இடைவெளி. அதைவிட மெல்லியதாக ஒன்று. அதன் நடுவே அவன் குரல், எந்த ஒப்பனையும் இல்லாமல், சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமும் அதே குரல்: "அப்பா, எனக்குப் பயமா இருக்கு, அதனால இதுல சொல்றேன்." சொன்னான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னான். ஒவ்வொருவரும் பதில் சொல்வதற்கு நேரம் விட்டான். அந்த இடங்களில் குழாய் சொட்டியது. பீப் ஒலி மேலும் மேலும் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் போனது. யாருமில்லாத மொட்டைமாடியில் என் கை உயர்ந்திருந்தது.

கடைசியாக அவன் சொன்னான்: "இதுவரைக்கும் யாராவது கேட்டிருந்தா, வந்து என் கதவைத் தட்டுங்க. மாடி ரூம்லதான் இருக்கேன்."

அது வெளியாகிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அத்தனை நாளும் அவன் மாடி ரூமில்தான் இருந்தான்.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். நான் எழுதிக் கொடுத்த வாசகங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கதவு திறந்தது. ஈரத்தகரம் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அத்தான், நெட் போயிடுச்சா?"