சாம்பிராணி போட்ட கடந்தைக் கூடு

குத்துக்கல்வலசை,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி, ஓய்வுபெற்ற ஏட்டையா வல்லிநாயகம் அண்ணாச்சி அவர்களுக்கு, பாவூர்சத்திரம் மார்க்கெட் காய்கறி வியாபாரி சொரிமுத்து பணிவுடன் எழுதிக்கொள்வது.

இறைவன் அருளால் இங்கு அனைவரும் சுகம். தங்கள் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் அந்தச் சுகம் கெட்டதே எங்கள் வீட்டு வாசலில் என்பதால், எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியாமல், உதட்டு வீக்கம் வற்றியிருக்கும் என்ற நம்பிக்கையில் அடுத்த வரிக்குப் போகிறேன். போன் அடித்தால் கட் பண்ணுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டால் படித்த அடையாளம் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. ஆகவே உங்கள் ஊர் ஆலங்குளத்துக்கு லோடு ஏற்றிப்போகும் நம்ம டெம்போ டிரைவர் ஒலி முகம்மது கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். அவரைத் திட்ட வேண்டாம். உங்களைத் தூக்கி டெம்போவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன புண்ணியவாளன் அவர்தான்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சித்திரை முடிகிற சமயம் எங்கள் போர்டிகோ சன்ஷேடுக்கு அடியில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கூடு தென்பட்டது. உங்கள் சம்பந்தியம்மா ஆனந்தவள்ளி அண்ணாந்து பார்த்தவள் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "ஏங்க, குளவி கூடு கட்டியிருக்கு பாத்தீங்களா, நம்ம வீட்டுல தொட்டில் ஆடப்போவுது"ன்னு கண்ணுல தண்ணி வச்சுட்டா. குளவி வீடு தேடி வந்து கூடு கட்டினா அந்த வீட்டுல பிள்ளை உண்டாகும்னு நம்ம பக்கம் சொல்லுதது உங்களுக்கும் தெரியும். எங்க மகன் சுபாஷுக்கும் உங்க மக இசக்கிச்செல்விக்கும் கல்யாணமாகி நாலு வருஷம் ஓடிப்போச்சு, அவளுக்கு அந்த ஏக்கம். கூட்டைக் கலைக்கப்படாதுன்னு வீட்டுல சட்டம் போட்டுட்டா. பெயின்ட் அடிக்க வந்தவனை அந்தப் பக்கமே விடல. ஆனா அண்ணாச்சி, பிள்ளை வரம் சொல்லுத குளவி மண்ணைக் குழைச்சுக் கட்டும், அந்தக் கூடு உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். இது பழைய பேப்பரை அரைச்சு அப்பினது கணக்கா வரிவரியா வளர்ந்து, ஆடி பொறக்கதுக்குள்ள பூசணிக்காய் சைஸ்ல தொங்குது. இது கடந்தைக் கூடு, கூட்டமா வந்து கொட்டுத பெரிய விஷவண்டு. மூட்டையைத் தட்டிப் பாத்தே உள்ளே அழுகலு எவ்வளவுன்னு சொல்லுத ஆளு நான், மூட்டை சுமந்து மேலே வந்தவன், எனக்கு இது தெரியாதா? தெரிஞ்சுது. "ஏட்டி, இது குளவி இல்லட்டி, கடந்தை"ன்னேன். "பெருசா கட்டினா ரெட்டைப் பிள்ளை"ன்னா. நான் தோளுத் துண்டை உதறிப் போட்டுக்கிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை குற்றாலத்துல சீசன் குளியலை முடிச்சுட்டு, தலையில ஈரத்துண்டும் கையில நேந்திரங்கா சிப்ஸுமா, மகளைப் பாக்கணும்னு ஆசையா வந்தீங்க. போர்டிகோவுல சேரைப் போட்டு உக்காத்தினது நான். சரியா அந்தக் கூட்டுக்குக் கீழ. வெள்ளிக்கிழமைங்கிறதால ஆனந்தவள்ளி சாமி ரூம்ல சாம்பிராணி போட்டுட்டு, வாரவாரம் செய்யுத மாதிரி கூட்டுக்கும் காட்ட வந்தா. மத்த வாரமெல்லாம் தூரத்துல நின்னு ஒரு சுத்துதான் சுத்துவா. அன்னைக்கு சம்பந்தி வந்திருக்காவளேன்னு கரண்டி நிறையத் தணலும், கைநிறையச் சாம்பிராணியும் போட்டு, ஸ்டூல் மேல ஏறி நேரே கூட்டுக்கு அடியில பிடிச்சுட்டா. நீங்க, "என்ன மதினி, மேல யாருக்குப் பூசை?"ன்னு கேட்டுக்கிட்டே அண்ணாந்தீங்க. அது கேள்வியாவே நின்னுபோச்சு. அதுக மொத்தமும் இறங்கிருச்சு. ஆனந்தவள்ளி முந்தானையைத் தலையில போட்டு உள்ள பாஞ்சு கதவைச் சாத்தினா. அந்தக் கதவுக்கு வெளியே இருந்தது நீங்களும் நானும். கலவரத்துல லத்தியோட நின்ன மனுஷன், ஈரத்துண்டைச் சுழட்டிக்கிட்டு காம்பவுண்டைச் சுத்தி ஓடினதை நான் பாத்திருக்கக் கூடாது. என்னையும் ரெண்டு கொட்டுச்சு, அதை நான் கணக்குல சேக்கல.

அடுத்த தப்பு முழுக்க என்னுது. உங்களை டெம்போவுல ஏத்தினதும், கைக்குக் கிடைச்ச சின்ன வெங்காயத்தை நசுக்கி உங்க காது, உதடு, மண்டை பூரா அப்பிட்டேன். நீங்க வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுனீங்க, எரிச்சல்ல ஆட்டுதீகன்னு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா, "இவருக்கு வைத்தியம் பாக்கணுமா, தாளிக்கணுமா?"ன்னு கேட்டது எனக்கு இப்பவும் காதுல நிக்குது. கழுவி விடவே நேரம் போச்சுன்னு நர்ஸம்மா ஏசினாவ. மூச்சுத்திணறல் வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னபோது, வெங்காயக் கையை வேட்டியில துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன், வாடை போகல.

நல்லவேளை, மறுநாள் தேறிட்டீங்க. வீங்கின உதட்டோட நீங்க சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "எம்மவளை நான் கூட்டிட்டுப் போறேன்." சொன்னபடியே கூட்டிட்டும் போயிட்டீங்க. கடந்தை கொட்டின கோவம்னு நினைச்சேன். இல்ல. செல்வி உங்க கட்டில் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொல்லியிருக்கா. காலையில எந்திரிச்சதும் அவ அத்தை ஆனந்தவள்ளி கூட்டைப் பாப்பா, பொறவு இவ வயித்தைப் பாப்பா. பக்கத்து வீட்டுக்காரி வந்தா கூட்டைக் காட்டுவா, அவளும் இவ வயித்தைப் பாப்பா. இவுக கண்ணுல படாம இருக்க, செல்வி துணி காயப்போடுததைக்கூட மொட்டைமாடிக்கு மாத்திக்கிட்டா. நானும் யோக்கியன் இல்ல, அண்ணாச்சி. மார்க்கெட்ல இருந்து வந்து கேட்டைத் திறந்ததும் என் கண்ணும் முதல்ல மேலதான் போகும். அன்னைக்குக் கூடு பெருத்திருந்தா மனசுக்குள்ள ஒரு சந்தோஷம். ஒருநாள் செல்வி மெல்ல, "மாமா, அதை எடுத்துருவோமா?"ன்னு கேட்டா. கடந்தைக்குப் பயந்து கேக்கான்னு நினைச்சு, "அத்தையக் கேளும்மா"ன்னுட்டு சோத்துல கைய வச்சேன். அன்னைக்கே எடுத்திருந்தா உங்க மண்டையும் தப்பிச்சிருக்கும், அந்தப் பிள்ளை மனசும் தப்பிச்சிருக்கும். சுபாஷும் பக்கத்துலதான் நின்னான். என் மகன்தானே, அவனும் தட்டை எடுத்துட்டு உக்காந்துட்டான். இப்ப அவன் துணியை அவனே மொட்டைமாடியில கொண்டு காயப்போடுதான், சரியாச் சாப்பிடுததும் இல்ல.

கூட்டை எடுத்தாச்சு. தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன்தான் அடிச்சேன். பொழுது அடைஞ்ச பொறவு தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு வந்தாவ. ஜன்னலைச் சாத்தி, வாசல் லைட்டை அணைச்சு எங்களை உள்ளேயே இருக்கச் சொல்லிட்டாவ. கல் எறியப்படாது, தீப்பந்தம் காட்டப்படாது, புகை போடவே படாதுன்னு ஒருத்தர் சொல்ல, ஆனந்தவள்ளி சாம்பிராணிக் கரண்டியை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா. இனிமே இந்த வீட்டுல யாரும் செல்விகிட்ட விசேஷம் உண்டான்னு கேக்க மாட்டோம், எந்தப் பூச்சியையும் சாட்சிக்குக் கூப்பிட மாட்டோம். உங்க வீட்டு மதினியையும் நாங்க கேட்டதாச் சொல்லுங்க. தயவுபண்ணி எங்க பிள்ளையை எங்களுக்குத் திருப்பி அனுப்புங்க. தங்கள் ஊரில் ஊருணி வற்றாமல், வீட்டில் கிணறு குறையாமல், எல்லாரும் நோய்நொடியில்லாமல் இருக்கக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
சொரிமுத்து

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது செல்வி போன் பண்ணினாள், அண்ணாச்சி. குரலைத் தாழ்த்திப் பேசுதா. உங்க வீட்டு மோட்டார் ரூம்ல ஒரு கூடு இருக்காமே. மதினி நேத்து அதுக்குச் சூடம் காட்டினாவளாமே. நீங்க வீங்கின உதட்டோட ஸ்டூல் மேல ஏறி நின்னு, "இது கடந்தை இல்ல, அசல் குளவிதான், மண்ணுலதான் கட்டியிருக்கு"ன்னு சொல்லிட்டு, இறங்கி அவ வயித்தைப் பாத்தீகளாமே. "மாமா, உங்க போர்டிகோவுல இப்ப ஒண்ணும் இல்லைல்லா?"ன்னு கேட்டா. "ஒண்ணுமில்லம்மா, வெறும் சன்ஷேடுதான்"ன்னேன். "அப்ப நான் காலை பஸ்ஸுக்கு வந்துருதேன்"னுட்டா. சுபாஷ் இப்பவே சட்டையைத் தேய்க்கான். ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பில் பாதியை நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். அந்தப் பாதியை அவ பஸ் ஏறுததுக்குள்ள நீங்க அவகிட்ட கேட்டுருங்க.