கன்பூசியஸ் வாசலில் என் வலதுகால் ஷூ

கோயில் வாசலில் செருப்பை ஜோடியாக விடுகிறவன் வெறுங்காலோடு வீடு திரும்புவான். எங்கள் திருச்சியில் இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இடதை ஒரு தூணுக்குப் பின்னாலும் வலதை வேறொரு தூணுக்குப் பின்னாலும் விட வேண்டும். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் சீண்ட மாட்டான். இந்த அறிவு பாரிஸில் செல்லுபடியாகாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்குக் கம்ப்யூட்டர் வேலை; எல்லாம் தெரியும்.)

நான் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் குடியிருந்தேன். அம்மா திருச்சியில் உட்கார்ந்தபடியே பாரிஸில் எனக்குப் பெண் பார்த்துவிட்டார். பெண் பெயர் மாலினி. பாண்டிச்சேரிக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா சுப்பராயன், பிரெஞ்சு அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இதையும் கெடுத்துக்கொண்டால் இனிமேல் நீயே பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லியிருந்தார்.

சுப்பராயன் போன் செய்தார்.

“வீட்டுல வெச்சுப் பார்த்தா எல்லாரும் நல்ல பிள்ளைங்கதான் தம்பி. ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கத்துல கன்பூசியஸ் மையம் ஒண்ணு புதுசாத் திறந்திருக்காங்க. ரெத்ரெத் வாங்கி ஓய்வானதுலேருந்து அங்கதான் சீன எழுத்து கத்துக்கறேன். அங்க வாங்க. பெரியவர் சிலைக்கு ஒரு வணக்கம் வெச்சிட்டுச் சுத்திப் பார்ப்போம். அப்புறம் வீட்டுல சாப்பாடு.”

சிலை, வணக்கம், சாப்பாடு. கோயில் என்று முடிவு கட்ட எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பெண் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று எங்கள் தெருக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். என் காலைப் பார்த்தார்.

“என்ன தம்பி, பொம்பிளை பாக்கவோ?”

“எப்படிண்ணே தெரியும்?”

“ஞாயிற்றுக்கிழமையிலை சப்பாத்து மினுங்குது. குடுமியோடை தேங்காய் இஞ்சை கிடக்கு, எடுங்கோ.”

தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், மல்லிகைச் சரம். எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பையில் போட்டு, சிந்தாமல் இருக்க இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

மையம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். வாசலில் இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள். கண்ணாடி வழியாக உள்ளே பெரியவர் சிலை தெரிந்தது. நீளத் தாடி, கூப்பிய கை. காவலாளி என் பையைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பொருள் உள்ளே கூடாது என்றார். வெளியே வந்தேன். வலது சிங்கத்தின் பின்னால் பையை வைத்தேன். பக்கத்தில் வலதுகால் ஷூ. (தேங்காய்க்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டேன். அந்த அளவுக்கு ஆசாரம் உண்டு.) இடதுகால் ஷூ இடது சிங்கத்தின் பின்னால். திருடனை ஏமாற்றிய திருப்தியோடு உள்ளே போனேன்.

சுப்பராயனும் மாலினியும் சிலைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். சுற்றிலும் இருந்த அத்தனை பேரும் ஷூ போட்டிருந்தார்கள்.

“குளிரலையா தம்பி?” என்றார், என் சாக்ஸைப் பார்த்து.

“பழக்கம் சார்.”

கண்காட்சியில் அன்றைய தலைப்பு, பெற்றோருக்குப் பிள்ளை செய்ய வேண்டிய கடமை. தொடுதிரையைத் தொட்டால் ஒரு பிள்ளை வந்து அப்பாவை வணங்கும். நான் ஐந்தாறு முறை தொட்டேன், சுப்பராயன் பார்க்கும்படி. அவர் முகம் மலர்ந்தது. மாலினி ஒருமுறை சிரித்தாள். அப்போதுதான் மணி அடித்தது, எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னார்கள்.

ஜனவரி மாதம், ஈரத் தெரு. போலீஸ் நாடா கட்டி எங்களைத் தூரத்தில் நிறுத்தியது. எனக்குக் கால் விறைத்தது.

“கேட்பாரில்லாத பையாம். எவனோ காட்டுமிராண்டி விட்டுட்டுப் போயிருக்கான். வளர்ப்பு சரியில்ல” என்றார் சுப்பராயன்.

“வளர்ப்புதான் சார்” என்றேன். (திருச்சியில் அந்நேரம் அம்மாவுக்குப் புரையேறியிருக்கும்.)

அப்புறம்தான் எல்லோரும் எந்தச் சிங்கத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டிருந்தார்: எக்ஸ்ரேயில் உருண்டையான கனமான பொருள், உச்சியில் திரி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. அது குடுமி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாலினி என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

பையைப் போலீஸே வெடிக்க வைத்தது. 'டப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. தேங்காய் வெள்ளை வெள்ளையாகத் தெருவில் சிதறியது; பக்கத்திலிருந்த என் வலதுகால் ஷூவும் அதோடு போனது. ஊரில் என்றால் அதற்குள் பத்துப் பேர் பொறுக்க ஓடியிருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஓர் அதிகாரி இடுக்கியில் ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு வந்து, இது என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அரசாங்கத்துக்கு உதவ இப்படியொரு வாய்ப்பா? சுப்பராயன் நாடாவைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார். கணீரென்ற பிரெஞ்சில் வெற்றிலையை விளக்கினார். பாக்கையும் விளக்கினார். மஞ்சளுக்கு வந்தபோது குரல் இறங்கியது. மல்லிகைச் சரத்தில் நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பி என் காலைப் பார்த்தார்.

மாலினி எப்போதோ பார்த்து முடித்திருந்தாள்.

“உங்களோடதா?” என்றாள் கிசுகிசுப்பாக.

“பையும் ஒரு ஷூவும். இன்னொண்ணு அந்தப் பக்கம் பத்திரமா இருக்கு.”

அவள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான்.

யாருடையது, ஆளைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். சுப்பராயன் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்: “என் மருமகனுடையது.”

என்னைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டி அனுப்பினார்கள். இடதுகால் ஷூ வைத்த இடத்திலேயே இருந்தது. என் கணக்கில் தவறில்லை. அதை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நொண்டி நடந்தேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் சுப்பராயன் சொன்னார்.

“தெரியாத ஆளுன்னா உங்களை உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அதான் அப்படிச் சொல்லிட்டேன். என் ஆயுசுல அரசாங்கத்துக்கிட்ட நான் பொய் சொன்னதில்ல தம்பி.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாலினி, நீ என்னம்மா சொல்ற? உனக்குப் பிடிக்கலேன்னா நாளைக்கே போய் மாத்திச் சொல்லிடறேன்.”

மாலினி என் ஒற்றை ஷூவைப் பார்த்தாள். “வேணாம்ப்பா” என்றாள். “இருக்கட்டும்.”

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி ஆறுவதற்குள் மாலினி இந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். மாமா மறுத்துப் பேசுவதே இல்லை. கதையை அவள் முடிப்பதும் எப்போதும் ஒரே மாதிரிதான்.

“அந்த மையத்துல எங்கப்பா எழுதக் கத்துக்கிட்டாரு. இவரு பொம்மையத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு. பிள்ளைக் கடமையைச் செஞ்சது நான் ஒருத்திதான். அப்பா சொன்னது பொய்யாகிடக் கூடாதுன்னு இவரைக் கட்டிக்கிட்டேன்.”