கசிவுக்காரர்

ஒரு வீடு எதற்காகக் கட்டப்படுகிறது? வசிப்பதற்கு என்று நாமெல்லாம் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். அடைப்பதற்கு என்று நம்பும் ஓர் இனம் உண்டு. எல்லாத் தெருவிலும் ஒருவராவது தென்படுவார். பழைய வீடு ஒன்றுக்குச் சொந்தக்காரராக இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். மின்சார பில்லைப் பார்த்துவிட்டு ஒரு வேளையாவது சாப்பிடாமல் எழுந்து போயிருப்பார். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

நாம் பார்க்கப்போகிறவரைத் தெருவில் கசிவுக்காரர் என்பார்கள். சரக்குக் கிடங்கில் மேலாளராக இருந்தவர். மூட்டைகளிலிருந்து ஒரு மணி தானியம் சிந்தாமல் பார்த்துக்கொண்ட அந்தக் கண், ஓய்வு பெற்ற பிறகு வேலையில்லாமல் தவித்தது. வீடோ அவருடைய அப்பா கட்டியது. உயரமான கூரை, கோணிய கதவுகள், ஒன்றுகூட ஒழுங்காக மூடாத ஜன்னல்கள். கோடையில் வெளிச்சூடு உள்ளே வந்தது. குளிர்காலத்தில் உள்சூடு வெளியே போனது. முன்னது அத்துமீறல், பின்னது திருட்டு. இரண்டையும் அவர் பொறுத்துக்கொள்வாரா?

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாக நடப்பார். புகை எங்கே வளைகிறதோ அங்கே கசிவு. கசிவு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் போட்ட இடத்தில் பசை, பஞ்சு, ரப்பர் பட்டை, கடைசியாக டப்பாவிலிருந்து பீய்ச்சியதும் பொங்கி இறுகும் ஒரு மஞ்சள் நுரை. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு அம்மாள், கதவிடுக்கைக்கூட விடாமல் கும்பிடுகிற மகான் என்று வெகுநாள் அவரை நினைத்திருந்தார்.

ஒவ்வொரு டப்பா வந்து இறங்கும்போதும் அவர் மனைவி நிமிர்ந்து பார்ப்பார்.

"செலவு இல்ல இது, முதலீடு. ரெண்டு வருஷத்துல தானா திரும்பி வந்துடும்."

"உங்க அண்ணன் வாங்கிட்டுப் போன ஏணியும் அப்படித்தானே வரப்போகுது?"

மனைவி தையல்காரர். உள்ளறையில் இயந்திரம் போட்டு, வேண்டியவர்களுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுப்பவர். அந்த அறைக்குத்தான் கசிவுக்காரர் முதன்முதலாகத் தானியங்கி விளக்கு போட்டார். ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். ஊசியில் நூல் கோர்ப்பவர் அசைவாரா? மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனியைக் காதுக்குள் நுழைக்கிற நேரம் பார்த்து இருட்டிவிடும்.

"கையை ஆட்டு," என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

"ஆட்டறேன். நூல் விழுந்துடுச்சு."

"சரி, தேடறப்ப அசைவேதானே. எரியும்."

பொத்தானுக்குக் காஜா எடுத்த இடமெல்லாம் கோணிப்போயின. மனைவி கடைசியில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "ஒரு கஸ்டமர் உங்களால போனாங்கன்னா, நானும் போயிடுவேன். தங்கச்சி வீட்ல மெஷின் போட இடம் இருக்கு."

கசிவுக்காரர் அப்போது வாசற்கதவின் அடியில் கன்னத்தை வைத்துக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஒருநாள் காலை வீடு முழுதாக அடைபட்டது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், உள்ளே குளுமையாகத்தான் இருந்தது. ஆனால் காற்று போக வழியில்லாத வீட்டில் ஒரு கதவை ஓங்கிச் சாத்தினால், அடைபட்ட காற்று வேறொரு கதவைத் தள்ளித் திறக்கும். உள்ளறைக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்து கிடந்தது. சரிசெய்யச் சொல்லி மனைவி கேட்டு அலுத்துவிட்டார். உள்கதவு பில்லில் சேராது என்பது அவர் கட்சி.

அந்த அறையில் வங்கி மேலாளரம்மா புதுச் சட்டையை அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி குண்டூசி குத்துவதற்காக அவரை அசையாமல் நிற்கச் சொன்னார். அசையாமல் நின்றார். விளக்கு அணைந்தது. அதே நேரம் கசிவுக்காரர் எதிர்வீட்டுக்காரரை வாசல் வழியாக அழைத்து வந்துகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க சார். இப்ப கதவைச் சாத்தறேன், தெருச்சத்தம் துளி கேக்காது பாருங்க."

சாத்தினார். கேட்கவில்லை. ஆனால் உள்ளறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து விளக்கும் பளிச்சென்று எரிந்தது. உள்ளே ஒரு கை மட்டும் சட்டைக்குள் போன வங்கி மேலாளரும், வாயில் குண்டூசிகளோடு தையல்காரரும் தலைக்குமேல் கைகளைத் தூக்கி வீசி வீசி ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர். சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "பெயிண்ட் நல்லா இருக்கு சார்," என்றார்.

கசிவுக்காரர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஓடியிருக்கலாம். அவரோ அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு, முகமெல்லாம் பெருமையாக, "எவ்வளவு டைட்டா இருக்கு பாத்தீங்களா," என்றார்.

வங்கி மேலாளர் அதன்பின் அந்தப் படியேறவில்லை. சாயங்காலம் தையல் இயந்திரம் வண்டியில் ஏறியது.

"அந்தக் கதவுக்கும் ஒரு ரப்பர் பட்டை ஒட்டிட்டா சரியாயிடும்," என்றார் அவர்.

"அதை உங்க வாய்ல ஒட்டுங்க," என்றார் மனைவி. வண்டி கிளம்பியது.

வீடு இப்போது அவர் சொன்னபடி கேட்டது. குழாய் சொட்டவில்லை, விளக்கு வீணாக எரியவில்லை. ஆனால் விளக்கை அணை என்று யாரிடம் சொல்வது? ஊதுபத்தியைக் கொளுத்தினார், புகை அசையாமல் நேராக மேலே போனது. அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, பெட்டியும் தலையணையுமாக மைத்துனி வீட்டு வாசலில் நின்றார். பூனை புகுந்து போகுமளவு இடுக்குள்ள கதவுகள். பட்டப்பகலில் எல்லா அறையிலும் விளக்கு. காலி நாற்காலிக்கு மேலே முழு வேகத்தில் விசிறி. அவர் கை சுவிட்சுப் பக்கம் போனது. பாதியில் இறங்கிவிட்டது.

மனைவி தையலிலிருந்து தலை நிமிரவில்லை. "கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்ல. நானும் இங்கயே இருக்கலாம்னு."

"வீடு?"

"பூட்டிட்டேன். மெயினையும் அணைச்சாச்சு."

தேநீர் கொண்டுவந்த மைத்துனி தம்ளரை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "அத்தான், மறைக்காம சொல்லுங்க. அக்கா இல்லாம இருக்க முடியலன்னு வந்தீங்களா, பூட்டிட்டா பில்லே வராதுன்னு வந்தீங்களா?"

தையல் இயந்திரம் நின்றது.

அவர் எட்டித் தம்ளரை வாங்கினார். ஊதி ஊதிக் குடித்தார். "சக்கரை கொஞ்சம் கம்மி," என்றார். சற்றுப் பொறுத்து இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. இன்றுவரை அவர் வேறெதுவும் சொல்லவில்லை, அங்கேயேதான் இருக்கிறார்.

மைத்துனியின் கேள்விக்கு நீங்கள் மனதுக்குள் ஒரு பதில் சொல்லிக்கொண்டீர்கள், இல்லையா? அது பில் என்றால், உங்கள் வீட்டாரைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். யாராவது சத்தமில்லாமல் பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.